பம்புக்குள் கொதிக்கும் பச்சைத் தண்ணீர்

கோவை ஆவாரம்பாளையத்தில் இருக்கும் அந்தப் பம்ப் சர்வீஸ் பட்டறையின் அலமாரியில் மூன்று பழைய இம்பெல்லர்கள் எடைக்குப் போகாமல் தங்கியிருக்கின்றன. மூன்றும் வார்ப்பிரும்பு. மூன்றும் வேலைக்கு ஆகாதவை. புதிதாக வேலைக்குச் சேரும் பையனிடம் பட்டறை உரிமையாளரான மூத்த மெக்கானிக் முதலில் அவற்றைத்தான் கையில் கொடுப்பார். ஸ்பேனர் பிடிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதல் இம்பெல்லர் ஆற்றோர நீரேற்று ஒன்றிலிருந்து வந்தது. மணல் கலந்த தண்ணீர் ஓடி ஓடி, பிளேடுகளின் விளிம்பு தகடாக மெலிந்துவிட்டது. தடவிப் பார்த்தால் வழவழவென்று இருக்கும். தண்ணீர் போன திசையிலேயே நீளநீளமான வரிகள் தெரியும். இரண்டாவது, நெடுநாள் ஓடாமல் நின்றுபோன பம்பில் இருந்தது. துரு எல்லா இடத்தையும் ஒரே சீராகத் தின்றிருக்கிறது. நகத்தால் சுரண்டினால் செதில் உதிர்கிறது. மூன்றாவதுதான் பையன்களைக் குழப்பும். முக்கால்வாசி புதிது மாதிரியே இருக்கிறது. லேத்தில் கடைந்த கோடுகள்கூட அழியவில்லை. ஆனால் தண்ணீர் நுழையும் கண்ணுக்குப் பக்கத்தில், பிளேடின் முனையிலிருந்து ஒரு விரல்கடை தள்ளி, இரண்டு விரல் அகலத்துக்கு உலோகம் குழிகுழியாகப் பெயர்ந்திருக்கிறது. குழிக்குள் குழி. ஓரிடத்தில் ஓட்டை மறுபுறம் வரை போய்விட்டது. விரலை வைத்தால் தோல் கீறும்.

“இதை எது தின்னுச்சுன்னு சொல்லு பார்க்கலாம்” என்பார் மெக்கானிக். மணல் என்பான் ஒருவன், ஆசிட் என்பான் இன்னொருவன். தண்ணீரும் வெறும் ஆவிக் குமிழியும் சேர்ந்துதான் இப்படி இரும்பைப் பெயர்த்தன என்றால் யாரும் எளிதில் நம்புவதில்லை. தொழிலில் இதற்குக் கேவிட்டேஷன் என்று பெயர்.

ஐடிஐயில் ஃபிட்டர் படித்துவிட்டு ஒரு பம்ப் கம்பெனியின் டெஸ்டிங் பெட்டில் வேலைக்குச் சேர்ந்தவர் அந்த மெக்கானிக். பிறகு சர்வீஸ் பிரிவு, பிறகு சொந்தப் பட்டறை. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் இறங்கி வந்தபோது, கோவையில் மில்களோடு சேர்ந்து கிணறுகளுக்கும் மோட்டார் வந்தது. பீளமேடு, கணபதி, சிங்காநல்லூர் பக்கமெல்லாம் வார்ப்படப் பட்டறையும் லேத்தும் பெருகி, ஊரே பம்புக்குப் பெயர் போனது. அந்த மரபில் வந்தவர் என்பதால், வாடிக்கையாளர் பம்பைக் குறை சொன்னால் அவருக்குப் பொறுக்காது. ஆனாலும் அவர் பேச்சில் ஊர்ப்பாசத்தைவிட அளவுமானிக் கணக்குதான் அதிகம். “சத்தம் பம்புல கேட்கும். கோளாறு சக்‌ஷன்ல இருக்கும்” என்பது அவருடைய முதல் பாடம். சக்‌ஷன் என்றால் பம்புக்குத் தண்ணீர் வரும் பக்கம்.

அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், பம்பு தண்ணீரை இழுக்கிறது என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். எந்தப் பம்பாலும் தண்ணீரைப் பிடித்து இழுக்க முடியாது. இம்பெல்லர் சுற்றும்போது அதன் நடுக்கண்ணில் அழுத்தம் குறைகிறது, அவ்வளவுதான். கிணற்றுத் தண்ணீரின் மேல் உட்கார்ந்திருக்கும் காற்று மண்டலம்தான் தண்ணீரைப் பைப்புக்குள் மேலே தள்ளுகிறது. கடல்மட்டத்தில் அந்தக் காற்றின் மொத்த பலம் 10.3 மீட்டர் தண்ணீரைத் தூக்கும் அளவுக்குத்தான். உள்ளே முழு வெற்றிடமே உண்டாக்கினாலும் அதற்கு மேல் ஒரு சாண்கூட ஏறாது.

இந்த எல்லையை உலகத்துக்குத் தெரியப்படுத்தியதில் ஒரு பம்ப் மெக்கானிக்குக்கும் பங்கு உண்டு. 1638-இல் வெளியான கலீலியோவின் ‘இரு புதிய அறிவியல்கள்’ நூலில், உரையாடுபவர்களில் ஒருவர் ஓர் அனுபவத்தைச் சொல்கிறார். தண்ணீர் ஏற்றாத பம்பைப் பழுதுபார்க்க ஆளை வரவழைத்தால், பம்பில் குறையில்லை, தண்ணீர் மிகக் கீழே போய்விட்டது, 18 முழத்துக்கு மேல் எந்தப் பம்பும் இப்படி ஏற்றாது என்று அந்த ஆள் சொல்லிவிட்டாராம். கலீலியோ அதற்குச் சொன்ன விளக்கம் சரியில்லை. சில ஆண்டுகளில் அவருடைய சீடர் டாரிசெல்லிதான் பாதரசக் குழாயை வைத்துக் காற்றின் எடையே காரணம் என்று காட்டினார். பழுதுபார்க்க வந்தவரின் பெயரை நூல் சொல்லவில்லை. அவர் சொன்ன அளவு மட்டும் சரியாக இருந்தது.

கோவை கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. அதனால் இங்கே காற்று கொடுப்பது 10.3 மீட்டர் கூட இல்லை, ஏறத்தாழ 9.8 மீட்டர். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அங்கே 7.9 மீட்டர்தான். கோவையில் சத்தமில்லாமல் ஓடிய பம்பை மலைமேல் கொண்டுபோய் அதே ஆழத்தில் மாட்டினால் அலறுவதற்கு இந்த 2 மீட்டர் போதும். மலையில் பம்ப் மாட்டக் கூப்பிட்டால் மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி, இடம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான்.

இருக்கும் 9.8 மீட்டரும் முழுதாகக் கைக்கு வராது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது கடல்மட்டக் காற்றழுத்தத்துக்குத்தான் பொருந்தும். அழுத்தம் குறையக் குறையக் கொதிநிலையும் இறங்கும். அழுத்தத்தை 0.43 மீட்டர் தண்ணீருக்குச் சமமான அளவுக்கு இறக்கிவிட்டால், கிணற்றுத் தண்ணீர் 30 டிகிரியிலேயே கொதிக்கும். அடுப்பும் இல்லை, நெருப்பும் இல்லை. பச்சைத் தண்ணீர் ஆவியாகும். ஆகவே 9.8-இல் 0.43 கழிந்தது. தண்ணீர்மட்டத்துக்கும் பம்பின் மையத்துக்கும் உள்ள உயரம் கழியும். புட்வால்வு, பைப், பெண்டு இவற்றில் போகும் உராய்வு இழப்பு கழியும். எல்லாம் போக இம்பெல்லரின் வாசலில் மிஞ்சுவதைத்தான் என்பிஎஸ்ஹெச் என்கிறார்கள். இம்பெல்லருக்குள் நுழைந்து வளைந்து வேகம் பிடிக்கும்போது தண்ணீர் அந்த மிச்சத்திலும் கொஞ்சத்தைச் செலவழிக்கும். இம்பெல்லர் கேட்பதைவிட வாசலில் மிஞ்சியது குறைவானால், உள்ளேயே கொதி தொடங்கிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கார்த்திகையில் தண்ணீர் 4 மீட்டர் கீழே. பைப் உராய்வு 1 மீட்டர். மிஞ்சுவது ஏறக்குறைய 4.4 மீட்டர். பம்பு கேட்பது 3 மீட்டர் என்றால் நிம்மதியாக ஓடும். சித்திரையில் தண்ணீர் 6.5 மீட்டருக்கு இறங்குகிறது. புட்வால்வில் பாசி அடைத்து உராய்வு 1.5 மீட்டர் ஆகிறது. இப்போது மிஞ்சுவது 1.4 மீட்டர். பம்பு அதேதான், மோட்டார் அதேதான், கரண்ட்டும் அதேதான். கிணறுதான் மாறியிருக்கிறது.

குமிழி உண்டாவதால் மட்டும் இரும்பு பெயர்ந்துவிடாது. குமிழி உடையும்போதுதான் கேடு. இம்பெல்லரின் வாசலில், அழுத்தம் மிகக் குறைந்த இடத்தில் பிறக்கும் ஆவிக் குமிழி, தண்ணீரோடு சேர்ந்து சில மில்லிமீட்டர் உள்ளே போகிறது. அங்கே அழுத்தம் கூடுகிறது. குமிழிக்குள் இருக்கும் ஆவி மீண்டும் தண்ணீராகிறது. 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 30 ஆயிரம் லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். அது திரும்பத் தண்ணீராகும்போது அத்தனை இடமும் திடீரென்று காலி. சுற்றியுள்ள நீர் எல்லாப் பக்கமிருந்தும் உள்ளே பாய்கிறது. பிளேடை ஒட்டிக் கிடக்கும் குமிழி ஒரே சீராகச் சுருங்காது. வெளிப்பக்கம் உள்நோக்கிக் குழிந்து, ஊசி போன்ற மெல்லிய நீர்த்தாரையாகப் பாய்ந்து பிளேடில் இறங்கும். விநாடிக்கு 100 மீட்டர் அளவிலான வேகம். மைக்ரோ விநாடிகளில் முடிந்துவிடும் நிகழ்ச்சி. ஓர் அடி இரும்பை ஒன்றும் செய்யாது. ஒரே இடத்தில் விடாமல் லட்சக்கணக்கான அடிகள் விழுந்தால் உலோகம் களைத்து, துகள் துகளாகப் பெயரும். அலமாரியில் உள்ள மூன்றாவது இம்பெல்லரில் குழிகள் முனையிலேயே இல்லாமல் ஒரு விரல்கடை தள்ளி இருப்பதற்குக் காரணம் இதுதான். பிறந்த இடம் வேறு, உடைந்த இடம் வேறு.

இந்தக் குமிழித் தொல்லையை முதலில் கவலையோடு ஆராய்ந்தவர்கள் கப்பல்காரர்கள். இங்கிலாந்தில் சார்லஸ் பார்சன்ஸ் நீராவி டர்பைன் பொருத்திக் கட்டிய ‘டர்பினியா’ படகு, 1894 வெள்ளோட்டத்தில் எதிர்பார்த்த வேகத்தை எட்டவே இல்லை. டர்பைனில் பலம் இருந்தது. ஒற்றைப் புரொப்பெல்லர் குமிழிக்கு நடுவில் வீணாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பார்சன்ஸ் ஒரு சின்ன மூடிய தொட்டி செய்து, அதில் மாதிரிப் புரொப்பெல்லரைச் சுற்றவிட்டு, விட்டுவிட்டு மின்னும் வெளிச்சத்தில் குமிழிகளைப் பார்த்தார். பிறகு மூன்று தண்டு, தண்டுக்கு மூன்று புரொப்பெல்லர் என்று சுமையைப் பிரித்தார். 1897-இல் விக்டோரியா ராணியின் வைரவிழாக் கடற்படை அணிவகுப்பில் அந்தப் படகு 34 நாட் வேகத்தில் ஓடிக் காட்டியது. 1917-இல் லார்டு ரேலி குமிழி சுருங்குவதைக் கணக்காகவே போட்டார். வெற்றுக் குமிழி ஒன்று விட்டத்தில் 20-இல் ஒரு பங்காகச் சுருங்கும்போது, பக்கத்து நீரில் அழுத்தம் 1,260 வளிமண்டலம் வரை ஏறும் என்று அந்தக் கணக்கில் வருகிறது.

கணக்கெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. பட்டறைக்காரருக்கு முதலில் வந்து சேர்வது சத்தம்தான். பம்புக்குள் யாரோ ஒரு கூடை ஜல்லியைக் கொட்டி அரைப்பது போன்ற கரகரப்பு. ஒரு தடவை கேட்டவர் மறக்க மாட்டார்.

அன்னூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து அப்படித்தான் அழைப்பு வந்தது. கிணற்றுக்குள் திட்டின்மேல் வைத்த மோனோபிளாக் பம்பு. “ஏனுங்க, இம்பெல்லர் மாத்தி ஒரு வெள்ளாமைகூட எடுக்கலீங்க. மறுபடியும் தின்னுருச்சுங்க. கம்பெனிச் சரக்கே சரியில்லீங்களே” என்றார் தோட்டக்காரர். தண்ணீர் வெளியேறும் டெலிவரிப் பக்கத்தில் பிரஷர் கேஜ் இருந்தது. அது பெரும்பாலும் எல்லா இடத்திலும் இருக்கும். மெக்கானிக் தன் பையிலிருந்து எடுத்தது வேக்குவம் கேஜ். சக்‌ஷன் வாயில் மாட்டிப் பம்பை ஓட்டினார். ஊசி 520 மில்லிமீட்டர் பாதரசத்தில் போய் நின்றது.

அந்த எண்ணை அவர் இப்படிப் படிக்கிறார். கோவை வட்டாரத்தில் காற்றின் மொத்த அழுத்தம் ஏறத்தாழ 724 மில்லிமீட்டர் பாதரசம். தண்ணீர் கொதிக்காமல் இருக்க 32 வேண்டும். அந்தப் பம்பு தனக்கென்று கேட்கும் 3 மீட்டர் தண்ணீர் என்பது 220 பாதரசம். இரண்டையும் கழித்தால் 470 சொச்சம். ஊசி அதைத் தாண்டினால் உள்ளே கொதிக்கிறது என்று பொருள். 520-இல் நிற்கும் பம்புக்கு எந்தக் கம்பெனி இம்பெல்லர் போட்டாலும் கதி ஒன்றுதான்.

“உங்க பம்பு நல்லாத்தானுங்க இருக்குது. கீழே பைப்பைப் பார்க்கோணுங்க” என்று சொல்லி அவர் இறங்கிப் பார்த்தார். பம்பின் சக்‌ஷன் வாய் 3 இன்ச். யாரோ மிச்சம் பிடிக்க நினைத்து, கையிலிருந்த இரண்டரை இன்ச் பைப்பை ரெடியூசர் போட்டு மாட்டியிருந்தார்கள். அரை இன்ச்தானே என்று தோன்றும். ஆனால் அதே அளவு தண்ணீர் ஓடும்போது உராய்வு இழப்பு, விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் ஏறும். 3 இன்ச்சை இரண்டரையாக்கினால் இழப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. போதாக்குறைக்குப் பம்பின் வாயை ஒட்டியே ஒரு எல்போ. அதில் திரும்பிய தண்ணீர் நேராகாமலே இம்பெல்லருக்குள் நுழைந்து, ஒரு பக்கம் அதிகமாகவும் இன்னொரு பக்கம் குறைவாகவும் பாய்ந்துகொண்டிருந்தது. புட்வால்வின் சல்லடையில் பாதிக்கு மேல் சேறும் சருகும்.

பைப்பை 3 இன்ச்சாக்கி, எல்போவுக்கும் பம்புக்கும் நடுவில் நேர்பைப் விட்டு, புட்வால்வைக் கழுவி, மோட்டாரை ஒன்றரை மீட்டர் கீழ்த் திட்டுக்கு இறக்கினார்கள். ஊசி 350-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. கரகரப்பு இல்லை. தின்னப்பட்ட அதே இம்பெல்லர்தான் அப்போதும் உள்ளே இருந்தது.

எல்லாச் சத்தமும் கேவிட்டேஷன் ஆகிவிடாது. சக்‌ஷன் ஜாயின்டில் ஓட்டை இருந்து காற்று நுழைந்தாலும் பம்பு முனகும், தண்ணீர் விட்டுவிட்டு வரும். நாட்டுப்புறத்தில் இரண்டையுமே ‘ஏர் பிடிக்குது’ என்ற ஒரே பேச்சில் அடக்கிவிடுவார்கள். பிரித்தறிய மெக்கானிக் வைத்திருக்கும் வழி எளிது. டெலிவரித் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்க்கிறார். பால்வெள்ளையாக வந்து கொஞ்ச நேரத்தில் தெளிந்தால் அது வெளிக்காற்று. ஜாயின்டுகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தால், நுரை உள்ளே உறிஞ்சப்படும் இடம்தான் ஓட்டை. கேவிட்டேஷன் குமிழி பம்புக்குள்ளேயே தண்ணீராகி முடிந்துவிடுவதால், டெலிவரித் தண்ணீர் தெளிவாகவே வரும். சத்தம் இருந்து தண்ணீரும் தெளிவாக இருந்தால் வேக்குவம் கேஜை எடுக்கலாம்.

இன்னொரு சோதனை பார்ப்பவரை அதிசயிக்க வைக்கும். டெலிவரி வால்வை இரண்டு சுற்று மூடுவார், சத்தம் அடங்கிவிடும். தண்ணீர் கொஞ்சம் குறையும்தான். ஆனால் ஓட்டம் குறைந்தால் பைப் உராய்வும் குறையும், இம்பெல்லர் கேட்கும் அளவும் குறையும். இரண்டு பக்கமும் லாபம். இதையே தவறாகப் புரிந்துகொண்டு சக்‌ஷன் வால்வை மூடுபவர்களும் இருக்கிறார்கள். அது நோயை இரட்டிப்பாக்கும். சக்‌ஷனில் வால்வு இருந்தால் அது முழுக்கத் திறந்துதான் இருக்க வேண்டும்.

இந்த வால்வு வித்தையின் மறுபக்கம்தான் நகரத்துக் கட்டடங்களில் வரும் வியாதி. கணக்குப் போடுகிறவர் 20 மீட்டர் ஹெட், அதாவது ஏற்ற உயரம், போதும் என்பார். மேலே உள்ளவர் பாதுகாப்புக்கு 30 என்பார். வாங்குகிறவர் இருக்கட்டுமே என்று 40 மீட்டர் பம்பை வாங்குவார். 40 மீட்டருக்குச் செய்த பம்பை 20 மீட்டரில் ஓட்டினால் அது எதிர்ப்பே இல்லாமல் அளவுக்கு மீறித் தண்ணீரைத் தள்ளும். ஓட்டம் கூடக்கூட இம்பெல்லர் கேட்கும் என்பிஎஸ்ஹெச்சும் கிடுகிடுவென்று ஏறும். கீழே சம்ப் நிறையத் தண்ணீர் இருந்தும் பம்பு கரகரக்கும். அப்படிப்பட்ட இடத்தில் டெலிவரி வால்வை நிரந்தரமாகக் கொஞ்சம் மூடி வைக்கலாம். ஆனால் அதில் கரண்ட் வீண். கம்பெனி வரைபடத்தைப் பார்த்து இம்பெல்லரின் வெளிவிட்டத்தை லேத்தில் குறைப்பது நல்ல வைத்தியம். வேகக் கட்டுப்பாட்டு டிரைவ் மாட்டியவர்கள், அவசரத்துக்கு 50 ஹெர்ட்சை 55 ஆக்கிவிடுவதும் உண்டு. பம்பு கேட்கும் அளவு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், அந்த 10 சதவீதம் 21 சதவீதமாகத் திரும்பி வரும்.

நேர் எதிரான நிலைமையும் இருக்கிறது. பெரிய பம்பை மிகக் குறைந்த ஓட்டத்தில் ஓட்டினால், இம்பெல்லருக்குள் போன தண்ணீர் போக வழியில்லாமல் வாசலுக்கே திரும்பிச் சுழலும். அந்தச் சுழலின் நடுவிலும் குமிழி பிறக்கும். அப்போது சேதம் பிளேடின் மறைந்த பக்கத்தில் விழும். அதைப் பார்க்கத்தான் மெக்கானிக்கின் பையில், பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் அந்தச் சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. இம்பெல்லர் கண் வழியாக டார்ச் அடித்ததும் நேரே தெரியும் பக்கத்தில் குழி இருந்தால் சக்‌ஷனைப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் மட்டும் தெரிந்தால் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் சூடானால் கணக்கே தலைகீழ். மோனோபிளாக் பம்புகளுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 9079, தன் தலைப்பிலேயே தெளிந்த, குளிர்ந்த நீருக்கான பம்பு என்று வரையறுத்துவிடுகிறது. திருப்பூர் சாயப்பட்டறை ஒன்றில், மெஷின்களில் வேலை முடித்த நீராவி தண்ணீராகி வடிகிறதே, அதை வீணாக்காமல் பாய்லருக்கே திருப்ப ஏற்பாடு செய்தார்கள். நல்ல யோசனை, விறகு மிச்சம். அதுவரை ஆறிய தண்ணீரைப் பார்த்த ஃபீட் பம்புக்கு 90 டிகிரித் தண்ணீர் வர ஆரம்பித்தது. சில நாளிலேயே பம்பு திணறியது. மெக்கானிக்கல் சீல் போனது. பாய்லருக்குத் தண்ணீர் எட்டாமல் அலாரம் அடித்தது.

90 டிகிரியில் தண்ணீர் கொதிக்காமல் இருக்கவே 7.4 மீட்டர் அழுத்தம் வேண்டும். காற்று கொடுப்பதில் முக்கால்வாசி அங்கேயே போய்விடும். மிஞ்சுவது சுமார் 3 மீட்டர். அதிலும் பைப் இழப்பு போக வேண்டும். 95 டிகிரி என்றால் ஒன்றரை மீட்டர்கூட மிஞ்சாது. தொட்டியோ பம்போடு சமமாகத் தரையில் உட்கார்ந்திருந்தது. புதுப் பம்புக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தவர்களிடம் மெக்கானிக் சொன்னது, தொட்டியை ஸ்டாண்டு அடித்து மேலே ஏற்றுங்கள் என்பதுதான். ஏற்றும் ஒவ்வொரு மீட்டரும் பம்பின் வாசலில் முழுதாக வந்து சேரும். அனல்மின் நிலையங்களில் டீஏரேட்டர் தொட்டியைப் பல மாடி உயரத்தில் தூக்கி வைத்து, அதற்குக் கீழே ஃபீட் பம்பை அமைப்பதும் இந்தக் கணக்கால்தான். சூடான நீரில் குமிழிக்குள் ஆவி அடர்த்தியாக இருப்பதால், உடையும் வேகம் மட்டுப்பட்டு உலோகம் அவ்வளவாகப் பெயராது. ஆனால் ஓட்டம் சட்டென்று அறுந்துவிடும். இம்பெல்லர் பளபளவென்று இருக்கிறதே, இது கேவிட்டேஷன் இல்லை என்று முடிவுகட்டுவது இங்கே ஏமாற்றும்.

இம்பெல்லர் போவது கடைசிக் கட்டம். அதற்கு முன்பே அதிர்வில் கிளாண்டு ஒழுகும், சீல் முகம் சில்லு பெயரும், பேரிங் சூடேறும், ஃபவுண்டேஷன் போல்ட் தளரும். தண்ணீர் குறைவதால் ஆம்பியரும் இறங்கும். மீட்டரைப் பார்த்து, பம்பு கரண்ட் குறைவாக இழுக்கிறது என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. உலோகத்தை மாற்றினால் ஆயுள் நீளும். வார்ப்பிரும்பைவிட வெண்கலம் தாங்கும். அதைவிடத் துருப்பிடிக்காத எஃகு தாங்கும். ஆனால் அடி விழுவது நிற்காது.

பழைய கைகளுக்குத் தெரிந்த ஒரு தந்திரம், சக்‌ஷனில் மிகச் சிறிய அளவு காற்றை வேண்டுமென்றே விடுவது. காற்று ஆவியைப் போலத் தண்ணீராகிவிடாது. குமிழி உடையும்போது நடுவில் நின்று அடியைத் தாங்கும். சத்தம் உடனே குறையும். அமெரிக்காவின் கிளென் கேன்யன் அணை 1983 வெள்ளத்தில் பட்டபாட்டுக்கும் இதுதான் மருந்தாயிற்று. உபரிநீர்ச் சுரங்கத்தில் வேகமாக ஓடிய நீரில் குமிழி உடைந்து உடைந்து, கான்கிரீட்டைப் பெயர்த்துப் பாறைக்குள் சுமார் 10 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தது. பழுதுபார்த்தபோது, ஓடும் நீரில் காற்று கலக்கும்படி சுரங்கத்தில் காடி அமைத்தார்கள். பம்பில் இதை அளவு மீறிச் செய்தால் ஏர்லாக் ஆகிவிடும் என்பதால், பையன்கள் கைவைக்க மெக்கானிக் அனுமதிப்பதில்லை.

ராக்கெட்டும் தப்பவில்லை. 1999 நவம்பரில் ஜப்பானின் ஹெச்-2 ராக்கெட் பறந்துகொண்டிருக்கும்போதே அதன் எல்ஈ-7 எஞ்சின் நின்றுபோனது. ஏறத்தாழ 3,000 மீட்டர் ஆழக் கடலடியிலிருந்து எஞ்சினைத் தேடி எடுத்துப் பார்த்தார்கள். திரவ ஹைட்ரஜன் பம்பின் வாசலில் உள்ள இன்டியூசர் பிளேடு, கேவிட்டேஷன் அதிர்வால் களைத்து முறிந்திருந்தது. இம்பெல்லருக்கு முன்னால் நின்று அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுப்பதற்கென்றே வைத்த உறுப்பு அது.

இப்போது கொங்கு நாட்டுத் தோட்டங்களில் ஆழ்துளைக் கிணறும் சப்மெர்சிபிளும் பெருகிவிட்டன. தண்ணீருக்குள் மூழ்கியே இருக்கும் பம்புக்குச் சக்‌ஷன் உயரம் என்ற தொல்லை இல்லை. மேலே நிற்கும் நீரே அழுத்தம் கொடுக்கும். ஆனாலும் நீர்மட்டம் பம்பின் வாய்வரை இறங்கும் கோடையில், அதற்கும் பாதுகாப்பு முடிந்துவிடும். திறந்த கிணறு, சம்ப், பாய்லர் இருக்கும் வரை அந்தப் பட்டறைக்கு வேலை இருக்கும்.

கேட்டலாக்கில் போட்டிருக்கும் என்பிஎஸ்ஹெச் எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது என்கிறார் அவர். டெஸ்டிங் பெட்டில் சக்‌ஷன் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, பம்பின் ஹெட் 3 சதவீதம் விழும் இடத்தைத்தான் அந்த எண்ணாகக் குறிக்கிறார்கள். ஹெட் 3 சதவீதம் விழுகிறது என்றால் குமிழிகள் எப்போதோ பிறந்து பெருகிவிட்டன என்றுதான் பொருள். அந்த எண்ணுக்கு மேல் குறைந்தது அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை மிச்சம் வைக்க வேண்டும். சூடான தண்ணீருக்கும் பெரிய பம்புக்கும் இன்னும் அதிகம்.

கடையில் பம்பு வாங்கப் போனால் எத்தனை ஹெச்பி, எத்தனை அடி ஏற்றும் என்ற இரண்டு கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வாங்குகிறவர்கள் மூன்று அளவைக் கையில் எழுதிக்கொண்டு போனால் நல்லது: சித்திரை, வைகாசியில் தண்ணீர்மட்டம் பம்பு வைக்கும் இடத்திலிருந்து எத்தனை மீட்டர் கீழே, சக்‌ஷன் பைப்பின் அளவும் நீளமும், தண்ணீரின் சூடு. கடைக்காரரிடம் அந்த மாடலின் என்பிஎஸ்ஹெச் வரைபடத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் வேறு கடை பாருங்கள். பம்பு வாங்கும் அன்றே ஒரு வேக்குவம் கேஜும் சேர்த்து வாங்கி சக்‌ஷனில் மாட்டுங்கள். ஒரு புது இம்பெல்லரோடு ஒப்பிட்டால் அதன் விலை சொற்பம்தான்.